உதிர்ந்த இலையும் செப்டிக் டேங்க் கசடும் உரமாவது எப்படி? 55 டிகிரி, 15 நாள், 5 புரட்டல்

வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுகளில் இரண்டைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஒன்று, வாசலில் பெருக்கிக் குவிக்கும் இலை தழையும் வெட்டிப் போடும் கிளைகளும். இன்னொன்று, ஃப்ளஷ் அழுத்தியதும் கண்ணிலிருந்து மறைந்துவிடும் கழிவு.

முதலாவதைப் பல தெருக்களில் இன்னும் மூலையில் குவித்துத் தீ வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது செப்டிக் டேங்கில் சேர்ந்து, ஒருநாள் லாரியில் ஏறுகிறது. அந்த லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் நல்லது. ஓடைக்கோ ஏரிக்கரைக்கோ போனால், அது நம்ம ஊர் தண்ணீருக்கே திரும்பி வரும்.

இந்த இரண்டு கழிவுகளையும் சரியான முறையில் சேர்த்தால் நல்ல உரம் கிடைக்கும். முறை தவறினால் அதே குவியல் நோயைப் பரப்பும். அந்த 'முறை' என்ன, அதில் பெரிய இயந்திரங்களுக்கு என்ன வேலை, வீட்டிலிருந்தபடியே நீங்கள் என்ன செய்யலாம் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் பாடம்: இரண்டும் ஏன் சேர வேண்டும்?

கழிவை உரமாக்குவது நம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவைகளுக்கு நான்கு விஷயம் வேணும்: கார்பன், நைட்ரஜன், ஈரம், காற்று. கார்பன் அவற்றுக்கு எரிபொருள். நைட்ரஜன் உடம்பை வளர்க்கும் சத்து. ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும்.

கழிவுநீர்க் கசட்டில் நைட்ரஜன் அதிகம், கார்பன் குறைவு. தண்ணீரைப் பிழிந்தெடுத்த பிறகும் அதில் 80 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். தொட்டால் களிமண் மாதிரி இருக்கும், உள்ளே காற்று புகாது. தனியாகக் குவித்து வைத்தால் அழுகி நாறும். காய்ந்த இலையும் குச்சியும் இதற்கு நேர் எதிர். கார்பன் நிறைய, நைட்ரஜன் ரொம்பக் குறைவு, ஈரமும் இல்லை. தனியாக விட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆனால் நடுநடுவே இடைவெளி இருப்பதால் காற்று தாராளமாகப் புகும்.

ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. இதை ஒரு சின்ன கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

1 டன் கசடு எடுத்துக்கொள்வோம். அதில் 800 கிலோ தண்ணீர், 200 கிலோ உலர்ந்த பொருள். அந்த 200 கிலோவில் கார்பன் 70 கிலோ, நைட்ரஜன் 10 கிலோ என்று வைத்துக்கொண்டால் விகிதம் 7-க்கு 1.

அடுத்து 1 டன் காய்ந்த இலை. அதில் 200 கிலோ தண்ணீர், 800 கிலோ உலர்ந்த பொருள். கார்பன் 360 கிலோ, நைட்ரஜன் 7.2 கிலோ என்றால் விகிதம் 50-க்கு 1.

இரண்டையும் கலந்தால் மொத்தம் 2 டன். தண்ணீர் 1,000 கிலோ, அதாவது 50 சதவீத ஈரம். கார்பன் 430 கிலோ, நைட்ரஜன் 17.2 கிலோ. வகுத்துப் பாருங்கள், 25-க்கு 1 வரும். நுண்ணுயிர்களுக்குப் பிடித்த அளவு இதுதான்.

எடையில் சமம் என்றாலும் அளவில் சமம் இல்லை. இலை லேசானது. அதனால் ஒரு கூடை கசடுக்கு மூன்று, நான்கு கூடை இலைத்தூள் தேவைப்படும். இலைக் குப்பையைக் கொளுத்திவிடும் ஊரில் கசடை உரமாக்குவது சிரமம் என்பதற்குக் காரணம் இதுதான். கசடு இருக்கும், அதோடு சேர்க்கக் கார்பன் இருக்காது.

இரண்டாம் பாடம்: குவியலுக்குள் என்ன நடக்கிறது?

கிளைகளை இயந்திரத்தில் அரைத்து, கசடோடு கலந்து, நீளமான வரப்பு மாதிரி குவிப்பார்கள். இதற்கு 'விண்ட்ரோ' என்று பெயர். நாம் நீள்குவியல் என்று வைத்துக்கொள்ளலாம். பொதுவாக ஓர் ஆள் உயரம், மூன்று நான்கு மீட்டர் அகலம், இடம் இருக்கும் அளவுக்கு நீளம்.

குவித்த ஓரிரு நாட்களில் உள்ளே சூடு ஏறத் தொடங்கும். யாரும் நெருப்பு வைப்பதில்லை. நுண்ணுயிர்கள் உணவைச் சிதைக்கும்போது வெளிவரும் வெப்பம் குவியலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 40 டிகிரியைத் தாண்டியதும் சூட்டைத் தாங்கும் நுண்ணுயிர்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளும். 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்த நேரத்தில் குவியலைக் கிளறினால் ஆவி பறக்கும்.

இந்தச் சூட்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, கழிவைச் சீக்கிரம் சிதைப்பது. இரண்டாவது வேலைதான் முக்கியம்: கழிவில் இருக்கும் நோய்க் கிருமிகளைக் கொல்வது. மனிதக் கழிவில் டைஃபாய்டு போன்ற நோய்களைத் தரும் பாக்டீரியா, வைரஸ், குடல்புழுக்களின் முட்டை எல்லாம் இருக்கலாம். இவற்றில் ரொம்பப் பிடிவாதமானது நாம் நாக்குப்பூச்சி என்று சொல்லும் புழுவின் முட்டை. அது மண்ணில் மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். வெறும் வெயிலில் காயவைத்த கசடை நம்ப முடியாததற்குக் காரணம் இந்த முட்டைதான். தொடர்ச்சியான சூடுதான் அதற்கு மருந்து.

சூடு அளவுக்கு மீறியும் போகக்கூடாது. 70 டிகிரியைத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே செத்துப்போகும். உள்ளே நீளமான தெர்மாமீட்டரைச் செருகித் தினமும் அளந்து நோட்டில் எழுதி வைப்பது இந்த வேலையில் பாதி.

மூன்றாம் பாடம்: புரட்டும் இயந்திரம் எதற்கு?

குவியலின் நடுப்பகுதி 60 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். ஆனால் மேல்தோல் வெளிக்காற்றின் சூட்டில்தான் இருக்கும். உள்ளே கிருமி சாகிறது, வெளியே சாகவில்லை. தோசையின் ஒரு பக்கம் மட்டும் வெந்த மாதிரி. அதனால்தான் புரட்ட வேண்டும்.

இதற்காகவே உருவான வண்டிதான் விண்ட்ரோ டர்னர். பெரிய ரகங்கள் குவியலின் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து, குவியலைக் காலுக்கு நடுவில் விட்டு நகரும். அடியில் நீளமான உருளை ஒன்று வேகமாகச் சுழலும். அதில் பல் பல்லாக இரும்புத் தகடுகள் இருக்கும். அவை குவியலை அள்ளி, உடைத்து, பின்னால் வீசும். வண்டி கடந்து போனதும் பின்னால் அதே உயரத்தில் புதுக் குவியல் உருவாகியிருக்கும். வெளியே இருந்தது உள்ளே போகும், உள்ளே இருந்தது வெளியே வரும், கட்டிகள் உடைந்துவிடும்.

'ஜேசிபி வைத்தே புரட்டலாமே?' என்று கேட்பீர்கள். புரட்டலாம், சின்ன ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஜேசிபி அள்ளி ஓர் இடத்தில் கொட்டும், அவ்வளவுதான். கட்டியை உடைக்காது, சீராகக் கலக்காது. சக்கரம் ஏறி இறங்கினால் குவியல் அமுங்கி, காற்று போகும் வழியும் அடைபடும். கைகளால் மண்வெட்டி பிடித்துப் புரட்டச் சொல்வது இந்த வேலைக்குச் சரியே இல்லை. கிருமியுள்ள கசடோடு மனிதர்கள் நேரடியாகப் புழங்கக்கூடாது.

இன்னொரு விஷயம். புரட்டினால் காற்று கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி உள்ளே போகும் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அடுத்த புரட்டல் வரை குவியலைக் காப்பது அதிலுள்ள இடைவெளிகள்தான். இலையும் மரச்சிலும்பும் நடுநடுவே இருப்பதால் சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று பக்கத்திலிருந்து உள்ளே வரும். இலை குறைந்தால் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரம் வாங்கினாலும் குவியல் நாறத்தான் செய்யும்.

நான்காம் பாடம்: 15 நாள், 5 புரட்டல் என்ற கணக்கு

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-ல் கசடுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அதில் நீள்குவியல் முறைக்குச் சொன்ன நிபந்தனை இது: குவியல் 55 டிகிரி அல்லது அதற்கு மேல் குறைந்தது 15 நாள் இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் குறைந்தது 5 முறை புரட்ட வேண்டும். மூடிய கலனுக்குள் உரமாக்கினால் அதே 55 டிகிரி 3 நாள் போதும் என்கிறது அதே விதி.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மூடிய கலனில் எல்லாப் பகுதியும் ஒரே சூட்டில் இருக்கும். திறந்தவெளிக் குவியலில் மேல்தோல் ஆறிக்கிடக்கும். ஒரு பேச்சுக்கு, குவியலில் மூன்றில் ஒரு பங்கு ஆறிய மேல்பகுதி என்று வையுங்கள். ஒவ்வொரு புரட்டலிலும் எல்லாம் நன்றாகக் கலந்து இடம் மாறுகிறது என்றால், ஒரு கட்டி முதலில் ஒரு முறை, பிறகு ஐந்து புரட்டலிலும் என ஆறு தடவையும் வெளியிலேயே இருந்துவிடும் வாய்ப்பு 729-ல் 1 மட்டும்தான். ஒரே ஒரு முறை புரட்டினால் அந்த வாய்ப்பு 9-ல் 1. எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன ஆகும் என்று இப்போது புரிகிறதா?

இதோடும் விடுவதில்லை. முடிந்த உரத்தை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். மேல்தர உரம் என்று சொல்ல, உலர்ந்த 1 கிராமில் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா 1,000-க்குக் கீழ் இருக்க வேண்டும், அல்லது 4 கிராமில் சால்மொனெல்லா 3-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

சூட்டுக் கட்டம் முடிந்ததும் உரம் தயார் என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆறப்போட வேண்டும். இதைப் பதப்படுத்தல் என்று சொல்லலாம். அம்மோனியா நெடி போய், முதல் மழையில் வரும் மண்வாசனை இந்தக் கட்டத்தில்தான் வரும். பிறகு சலித்து, பெரிய சிலும்புகளை அடுத்த குவியலுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

நிஜத்தில் எங்கே நடக்கிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம் இதற்கு நல்ல உதாரணம். ஊரின் கழிவுநீர் நிலையங்களின் கசடு, ஹார்ன்ஸ்பி பெண்ட் என்ற இடத்துக்குப் போகும். அங்கே முதலில் காற்றில்லாத கலன்களில் செரிக்க வைப்பார்கள். பிறகு, வீட்டு வாசல்களில் சேகரித்த இலை, கிளைகளோடு கலந்து நீள்குவியலாக்கிப் புரட்டினார்கள். இப்படி வந்த உரத்துக்கு 1989-ல் 'டில்லோ டர்ட்' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர்ப்பக்கம் மண்ணைத் தோண்டித் திரியும் ஆர்மடில்லோ என்ற விலங்கின் பெயரைச் சுருக்கியது இது. மக்கள் கொடுத்த கழிவு, உரமாக மக்களின் தோட்டத்துக்கே திரும்பியது.

அதே ஊர் இன்னொரு பாடமும் கற்றுத்தந்தது. 2009-ல் அங்குள்ள ஜில்கர் பூங்காவில் புதுப் புல்தரைக்கு இந்த உரத்தைப் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடிய இசை விழா நடக்கும்போது கனமழை. மைதானம் முழுக்கச் சேறு, மூக்கைத் துளைக்கும் வாடை. 'கழிவுநீர்ச் சேற்றிலா நின்றோம்?' என்று பலர் கொதித்துப்போனார்கள். விதிப்படி தயாரான உரம் என்றாலும், எங்கே, எப்போது, எவ்வளவு போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மக்களின் நம்பிக்கை நிற்கும்.

இந்தியாவில் பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள தேவனஹள்ளியில் 2015-ல் கசடு கழிவுக்கென்றே தனி நிலையம் வந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத சிறு நகரம் அது. காய்ந்த கசடோடு ஊரின் மக்கும் குப்பையைச் சேர்த்து உரமாக்கிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை ஒட்டியுள்ள கருங்குழியில் மாநிலத்தின் முதல் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. செப்டிக் டேங்க் கழிவை எப்படி எடுக்க வேண்டும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்ற வழிகாட்டு நெறிமுறைகள் நம் மாநிலத்தில் 2014-லேயே வந்துவிட்டன.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இரண்டு கவனிப்பு கூடுதலாகத் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளிக் குவியல் நனைந்தால் காற்று வழி அடைபட்டு அழுகும். அதனால் கூரையும், சிமெண்ட் தரையும், கசியும் நீரைப் பிடிக்கும் வாய்க்காலும் வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் பிரச்சினை வேறு. ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழ் போனால் நுண்ணுயிர் வேலையை நிறுத்திவிடும். சூடு தானாக இறங்கும். பார்க்கிறவருக்கு 'உரம் முடிந்துவிட்டது' என்று தோன்றும். உண்மையில் அது முடியவில்லை, காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துப் புரட்டினால் மறுபடி சூடேறும்.

சூடு எதைச் சரிசெய்யாது?

இது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி. சூடு கிருமியைக் கொல்லும். ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்களை ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால் அவற்றின் செறிவு கூடும். மக்கும்போது கார்பன் காற்றோடு போய்விடும், உலோகம் அங்கேயே நிற்கும். கலவையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காட்மியம் இருந்து, உலர்ந்த பொருள் பாதியாகக் குறைந்தால், உரத்தில் அது 6 மில்லிகிராம் ஆகிவிடும்.

2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உரத்துக்கு வகுத்த வரம்புகளில் சில, கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில்:

• காட்மியம்: 5
• ஈயம்: 100
• ஆர்செனிக்: 10
• பாதரசம்: 0.15
• நிக்கல்: 50
• துத்தநாகம்: 1,000

மேலே சொன்ன உதாரணத்தில் 6 மில்லிகிராம் வந்ததல்லவா? அந்த உரம் தேறாது. கழிவுநீர்க் கசடுக்கான அமெரிக்க விதியில் மேல்தரத்துக்கே காட்மியம் 39, ஈயம் 300 வரை இருக்கலாம். அந்த வகையில் நம் உர வரம்பு கறாரானது.

உலோகம் எங்கிருந்து வருகிறது? பட்டறை, சாயம், முலாம் பூசும் தொழில் இவற்றின் கழிவுநீர் சாக்கடையில் கலக்கும்போது வரும். வீட்டிலிருந்தும் வரும்: பெயிண்ட், பேட்டரி, உடைந்த பழைய தெர்மாமீட்டரின் பாதரசம்.

இன்னொரு புதுக் கவலை, பி.எஃப்.ஏ.எஸ் என்ற வேதிப்பொருள் குடும்பம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத பூச்சுகளில் இவற்றைப் பயன்படுத்தினார்கள். இவை எளிதில் சிதையாது, உரக்குவியலின் சூடும் போதாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-ல் கசடையும் கசடிலிருந்து செய்த உரத்தையும் நிலத்தில் போடவே தடை விதித்தது. அதனால் 'இயற்கை உரம்தானே, என்ன ஆகப்போகுது' என்று சோதனையைத் தவிர்க்க முடியாது. கசடு எங்கிருந்து வந்தது என்பதும், ஆய்வக அறிக்கையும் உரத்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியவை

இலை, கிளை:

• தோட்டக் கழிவைத் தனியாக வையுங்கள். 2016-ன் விதிகளே இதை வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லியிருந்தன. உள்ளாட்சி ஊழியர் சொல்லும் நாளில், சொல்லும் இடத்தில் கொடுங்கள்.
• பிளாஸ்டிக் கவரில் கட்டி அப்படியே வீச வேண்டாம். ஒரு கவர் புரட்டும் இயந்திரத்தில் சிக்கினால் நூறு துண்டாகி உரம் முழுக்கப் பரவும்.
• கொளுத்த வேண்டாம். தெருவில், பொது இடத்தில் குப்பை எரிப்பது விதிமீறல். புகை முதலில் போவது உங்கள் வீட்டுக் குழந்தையின் மூச்சுக்கு.

செப்டிக் டேங்க்:

• 3 ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிடுங்கள். நிரம்பி வழியும் வரை காத்திருந்தால் நிலத்தடி நீர் கெடும்.
• 14420 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து உரிமம் உள்ள வண்டியைக் கேளுங்கள். 'எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?' என்று ஓட்டுநரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அந்தக் கேள்வியே பாதி முறைகேட்டை நிறுத்தும்.
• எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரை டேங்குக்குள் இறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் விஷவாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும். 2013-ன் சட்டப்படி அது குற்றம். கூடுதல் காசு தருகிறேன் என்று சொல்வதும், 'அண்ணே, சும்மா ஒரு நிமிஷம்' என்று கெஞ்சுவதும் ஒருவரின் குடும்பத்தையே அழித்துவிடலாம்.
• கழிப்பறையில் நாப்கின், டயப்பர், மாத்திரை, பெயிண்ட், தின்னர், ஆசிட் எதையும் ஊற்றவோ போடவோ கூடாது. அங்கே போடுவது கடைசியில் உரத்தில் வந்து நிற்கும்.

வீட்டில் உரம் செய்ய ஆசையா?

இலையை மட்டும் வைத்துத் தாராளமாகச் செய்யலாம். மனிதக் கழிவை வீட்டில் உரமாக்க முயலவே வேண்டாம். சூட்டை அளப்பதும், சோதிப்பதும் வீட்டில் நடக்காத காரியம்.

மூன்றடி நீளம், அகலம், உயரம் இருக்கும்படி இலையைக் குவியுங்கள். அதற்கும் சின்னதாக இருந்தால் சூடு தங்காது. கசடு செய்யும் வேலையை இங்கே சாணிக்கரைசலோ காய்கறிக் கழிவோ செய்யும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு துளி நீர் கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டுங்கள். இங்கே அந்தப் பெரிய இயந்திரம் நீங்கள்தான். முகத்தை மூடிக்கொள்ளுங்கள், பூஞ்சைத் தூள் பறக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் வேறு யாரையாவது செய்யச் சொல்வது நல்லது.

உரம் வாங்கும்போது எப்படிப் பார்ப்பது?

• முகர்ந்து பாருங்கள். மண்வாசனை இருக்க வேண்டும். அம்மோனியா நெடி, சாக்கடை வாடை இருந்தால் முழுசாகப் பதப்படவில்லை.
• பையின் நடுவில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
• லேசாக நனைத்து, இறுக்க மூடிய கவரில் மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். நாறினால் பயன்படுத்த வேண்டாம்.
• ஒரு தொட்டியில் உரம் கலந்த மண், இன்னொன்றில் வெறும் மண். இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயம் போடுங்கள். உரத் தொட்டியில் முளைப்பு குறைந்தால் அந்த உரம் இன்னும் காட்டமாக இருக்கிறது.
• கசடு சேர்ந்த உரம் என்றால் ஆய்வக அறிக்கை கேளுங்கள். அறிக்கை இல்லாவிட்டால், பச்சையாகச் சாப்பிடும் கீரை, கேரட், வெள்ளரிக்குப் போடவே கூடாது.

கண்ணால், மூக்கால் பார்க்கும் இந்தச் சோதனைகள் உரம் பதப்பட்டதா என்று மட்டும்தான் சொல்லும். கிருமியும் உலோகமும் ஆய்வகத்தில்தான் தெரியும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

'காயவைத்த கசடை அப்படியே வயலில் போட்டால் என்ன? விளைச்சல் நன்றாகத்தானே வருது?'

விளைச்சல் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெறும் காலோடு அந்த வயலில் இறங்கும் கூலித் தொழிலாளிக்கும், பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் குடல்புழுவும் வரும். லாரிக்காரர் இலவசமாகக் கொட்டித்தருவது விவசாயிக்கு லாபமாகத் தெரியலாம். மருத்துவச் செலவை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

'எங்க ஊர்ல இப்படி நிலையம் வந்தா நாற்றம் அடிக்காதா?'

இலை போதுமான அளவு இருந்து, நேரத்துக்குப் புரட்டி, கூரையும் இருந்தால் வாடை கட்டுக்குள் இருக்கும். புரட்டும் நேரத்தில் கொஞ்சம் வரத்தான் செய்யும். தொடர்ந்து நாறினால் ஏதோ ஒன்று தவறு: இலை குறைவு, ஈரம் அதிகம், அல்லது புரட்டவில்லை. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

'முடிந்த உரத்தில் மறுபடி கிருமி வருமா?'

வரலாம். பச்சைக் கசடைத் தொட்ட வாளியும் சக்கரமும் முடிந்த உரத்தின் மேல் போனால் பதினைந்து நாள் உழைப்பு வீண். அதனால் நல்ல நிலையங்களில் கசடு வரும் பக்கமும் உரம் வெளியே போகும் பக்கமும் தனித்தனியாக இருக்கும்.

உங்கள் ஊரில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அடுத்த பகுதி சபை அல்லது கிராம சபைக் கூட்டத்துக்குப் போகும்போது இந்த மூன்றையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள்.

1. எங்கள் ஊர்க் கசடு லாரிகள் எந்த நிலையத்தில் கொட்டுகின்றன?
2. சேகரிக்கும் இலை, கிளைக் கழிவு எங்கே போகிறது? உரமாகிறதா, குப்பைமேட்டுக்குப் போகிறதா?
3. உரம் தயாரிக்கும் இடத்தில் தினசரி சூட்டளவுப் பதிவேடும், கடைசி ஆய்வக அறிக்கையும் பார்க்கலாமா?

இலை எரிப்பதையோ, லாரி ஓடையில் கொட்டுவதையோ பார்த்தால் தேதி, இடத்தோடு படம் எடுத்து உங்கள் உள்ளாட்சிக்குப் புகார் செய்யுங்கள். சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913-ல் அழைக்கலாம். வண்டி எண் தெரியும்படி படம் இருந்தால் நடவடிக்கை எடுப்பது சுலபம். ஓட்டுநரிடம் நேரில் சண்டைக்குப் போக வேண்டாம்.

இயந்திரம் வாங்குவதும், கூரை போடுவதும், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதும் உள்ளாட்சியின் வேலை. ஆனால் அந்த இயந்திரத்துக்குள் என்ன போகிறது என்பதை முடிவு செய்வது நம் வாசலும் கழிப்பறையும்தான். இன்றைக்குப் பெருக்கும் இலையைத் தனிச் சாக்கில் போட்டு வையுங்கள். செப்டிக் டேங்க் கடைசியாக எந்த ஆண்டு சுத்தம் செய்தோம் என்று வீட்டில் கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் 14420-க்கு ஒரு போன் போடுங்கள்.